ஜப்பான்காரன் ஆசைப்படாத சக்கரங்கள்

மாப்பிள்ளை,

நேற்று சுங்கை பட்டாணி விளக்குச் சந்தியில் எங்கள் காருக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிப்பால்தான், மரத்துக் கோப்பையிலேயே உறைந்த ரப்பர். காரை ஓட்டிக்கொண்டிருந்த பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, கண்ணாடிய ஏத்துங்க லா, நாத்தம் தாங்கல" என்றாள். நான் ஏற்றவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்தேன். அதோடு விட்டேனா? சிரிக்கவும் ஆரம்பித்தேன். பச்சை விளக்கு விழுந்து லாரி போன பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. தாத்தாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மருமகள் இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். குடித்து வைத்தேன்.

அந்த நாற்றத்தோடு கொஞ்சம் புளித்த கள்ளும் கொஞ்சம் கருவாடும் சேர்ந்திருந்தால் உன் சைக்கிளே முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்திருக்கும். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இப்போது ஆள் இல்லை. அஞ்சலையிடம் ஆரம்பித்தால், "இன்னுமாண்ணே அந்தச் சைக்கிள் கத?" என்று எழுந்து போய்விடுகிறாள். உன் பெண்டாட்டிக்கு நான் அண்ணன் என்கிற மரியாதை எப்போதுமே கொஞ்சம் குறைவுதான். அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ எழுந்து போக முடியாது.

கெடாவில், திகாம் பத்து ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த நம் ரப்பர் தோட்டத்தில் நீயும் நானும் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே ஆற்றில் குளித்து, ஒரே கங்காணியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். பிறகு நீ என் தங்கை அஞ்சலையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனாய். ஊருக்காக நான் 'வாங்க மாப்ள' என்று கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. யுத்தத்துக்கு முன்னால் நான் மரத்தில் பால் வெட்டினேன், நீ ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, புகை போட்டுக்கொண்டிருந்தாய். "பாலை ஒறைய வைக்கிறதுல என்னைய மிஞ்ச கெடாவுலயே ஆள் இல்ல மச்சான்" என்று நீ அடித்துக்கொண்ட தம்பட்டம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும்.

ஜப்பான்காரன் வடக்கே ஜித்ரா பக்கமிருந்து இறங்கி வந்தபோது நாம் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ரோடு நிறையச் சைக்கிள்கள். பாதிச் சைக்கிளுக்கு டயர் இல்லை. வெறும் இரும்பு வளையம் தார்ரோட்டில் கடகடவென்று உருண்டு வந்த சத்தத்தை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது. எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நீ என் காதருகில் வந்து, "மச்சான், அந்த மூணாவது ஆளோட சைக்கிளப் பாரேன், என்னா பளபளப்பு" என்றாய். அப்போதே தெரிந்துகொண்டேன், என் தங்கை வாழ்க்கைப்பட்டது ஒரு சைக்கிள் பைத்தியத்துக்கு என்று.

தோட்டத்தில் வேலை நின்றுபோனது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அப்புறம் சயாம் என்ற பேச்சு வந்தது. ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அந்த லாரியில் ஏறாமல் தப்பிக்க ஒரே வழி, ஜப்பான்காரன் நடத்துகிற வேலையில் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்வது. சுங்கை பட்டாணியில் ஒரு பலகைப் பட்டறையில் நமக்கு இடம் கிடைத்தது. மரம் தூக்குகிற வேலைதான். ஆனால் சட்டையில் குத்திக்கொள்ள ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு துண்டுத் துணி கொடுத்தார்கள். அந்தத் துணி நெஞ்சில் இருக்கும் வரைக்கும் லாரிக்காரன் நம்மைத் தொடமாட்டான். பக்கத்து வீட்டு முனியண்ணனுக்கு அது கிடைக்கவில்லை. அவர் கால் கொஞ்சம் வீக்கம், மரம் தூக்க ஆகாது என்று பட்டறையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சயாமுக்கு மட்டும் அந்தக் கால் ஆகும் என்று பின்னால் ஒருவன் சொல்வான் என்று அப்போது நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது, தினமும் போய்ச் சேர வேண்டுமே. ஜப்பான்காரன் நம் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருகி வைத்துவிட்டான். அவனுக்குக் காலை, நமக்கு இன்னும் கோழிகூட எழுந்திருக்காத இருட்டு. உன்னிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பெயரைக் கேட்டால் சீமைச் சைக்கிள், ஆளைப் பார்த்தால் எலும்புக்கூடு. டயர் எப்போதோ செத்துப்போய், அதன் இடத்தில் மணிலாக் கயிறு சுற்றியிருந்தாய். போகும்போது நீ மிதிப்பாய், நான் பின்னால் கேரியரில். வரும்போது நான் மிதிப்பேன், நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு 'பள்ளம், பள்ளம்' என்று பள்ளத்தில் விழுந்த பிறகு சொல்வாய்.

அந்த எருமையைப் பற்றி உனக்கும் எனக்கும் கடைசி வரை ஒத்துப்போகவே இல்லை. எருமை ரோட்டில் குறுக்கே படுத்திருந்தது என்பது உன் கட்சி. ஓரமாகத்தான் படுத்திருந்தது, நீதான் தேடிப் போய் இடித்தாய் என்பது என் கட்சி. எப்படியோ, அந்த இருட்டில் நாம் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம். எருமை மட்டும் எழுந்து, வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நெல் வயலில் இறங்கிப் போனது. சைக்கிள் எழுந்திருக்கவில்லை. முன் சக்கரத்தை இரண்டு காலாலும் கவ்விப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னால் மடங்கிப்போயிருந்தது. சக்கரம் முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. பின் சக்கரத்தின் வளையத்தில் முன்பே இருந்த விரிசல் நன்றாக வாயைப் பிளந்துகொண்டது. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். நான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடியும் நேரமாகிவிட்டது. பட்டறை மேஸ்திரி ஒரு ஜப்பான்காரன், குள்ளமான ஆள், கோபம் மட்டும் நெட்டை. ஆளுக்கு ஒரு அறை விட்டான். அது பெரிய விஷயமில்லை, அந்தக் காலத்தில் அறை வாங்காத கன்னம் எது? அடுத்து அவன் செய்ததுதான் விஷயம். உன் சட்டையில் இருந்த துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயில், "லம்பாட் லாகி, இனி தாடா" என்றான். இன்னொரு தடவை நேரம் கழித்து வந்தால் இந்தத் துணி இருக்காது. துணி இல்லையென்றால் சயாம். அஞ்சலை அப்போது முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து நாலு பேர் உயிர் ஒரு சைக்கிளில் தொங்குகிறது என்று அன்றைக்கு மரம் தூக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஓய்வு நாள். நீ, நான், அஞ்சலை மூவரும் சைக்கிளின் எலும்பைத் தூக்கிக்கொண்டு சுங்கை பட்டாணிக்கு நடந்தோம். ஜப்பான் காசை யாரும் சீந்தாத நேரம் அது. சாமானுக்கு மாற்றாகக் கொடுக்க அஞ்சலை தன் கோழிகளில் நல்ல முட்டை இடுகிற இரண்டைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். "நீ வராத, ரொம்ப தூரம்" என்று நீ சொன்னதற்கு அவள் உன்னைப் பார்க்காமல் என்னிடம், "ஒங்க மாப்ள தனியா போனா கோழியக் குடுத்துட்டு மணிய மட்டும் வாங்கிட்டு வருவாருண்ணே" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சைக்கிள் கடைத் தவுக்கேயை, அந்தச் சீன முதலாளியை, நினைவிருக்கும் உனக்கு. வழுக்கைத் தலை, தோளில் ஒரு துண்டு, வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. கடையின் முன்புறம் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. இருக்கிற சாமானையெல்லாம் அவன் பின்கட்டில் கோணிச் சாக்குக்கு அடியில் வைத்திருந்தான். நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோழியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போனான். இரண்டு சக்கரமும் ஒரு ஃபோர்க்குமாக மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து நம் முன்னால் சாத்தி வைத்தான்.

முதலாவது, சீமைச் சாமான். நிக்கல் பூசிய ஃபோர்க், முகம் பார்க்கலாம். சக்கரம் இரண்டும் மெலிசாக, கம்பி ஒவ்வொன்றும் வீணைத் தந்தி மாதிரி, அதற்குமேல் நிஜமான டயர். உன் சைக்கிளுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். நீ உட்கார்ந்துவிட்டாய், மாப்பிள்ளை. அந்த ஃபோர்க்கை விரலால் தடவினாய். கல்யாணத்தன்று மணவறையில்கூட என் தங்கையை நீ அப்படிப் பார்க்கவில்லை. இதை நான் அங்கேயே சத்தமாகச் சொன்னேன், அஞ்சலை கோழிக் கூடையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

இரண்டாவது, பச்சைப் பெயிண்ட் அடித்தது. பட்டாளத்துக்காரன் விட்டுப்போன சைக்கிளில் இருந்து எடுத்தது. நல்ல உறுதி. ஆனால் ஃபோர்க்கின் கழுத்தில் ஜப்பான் பட்டாள முத்திரையாக ஒரு நட்சத்திரம் அடித்திருந்தது. பெயிண்டைச் சுரண்டினாலும் நட்சத்திரம் இரும்பில் நிற்கும். அதோடு பட்டறைக்குப் போகிற வழியில் பாலத்து ஜப்பான் காவல்காரன் முன்னால் போய் நின்றால் நம் தலை கழுத்தில் நிற்காது. தவுக்கே அதைக் காட்டிய வேகத்திலேயே திருப்பி உள்ளே வைத்துவிட்டான்.

மூன்றாவதைப் பார்த்ததும் நீ முகத்தைச் சுளித்தாய். கோலா கெடாவிலிருந்து வரும் கருவாட்டைப் பெட்டியில் கட்டித் தோட்டம் தோட்டமாக விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் சுமைச் சைக்கிளில் இருந்து கழற்றியது. உப்புப் பட்டுத் துருப்பிடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் ஃபோர்க் பெருவிரல் கனத்துக்குமேல் இருந்தது, இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு கம்பி வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். சக்கரம் உன் வண்டிக்கு ஒரு பிடி சின்னது, ஆனால் அகலம். கம்பிகள் நெருக்கமாகவும் தடிமனாகவும் இருந்தன. டயர் என்ற பேச்சே இல்லை. அருகில் போனால் கருவாட்டு வாடை.

தவுக்கே முதல் ஜோடியைத் தட்டி, "இனி பாகுஸ்" என்றான். நல்ல சாமான்தான் என்றான். பிறகு குரலை இறக்கி, "தாப்பி ஜப்பான் தெங்கோ, ஜப்பான் அம்பில்" என்றான். ஜப்பான்காரன் பார்த்தால் எடுத்துக்கொள்வான். அது நமக்குத் தெரியாதா? பாலத்தில் நிற்கிற காவல்காரன் கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் ஓரம் கட்டிக்கொண்டிருந்தான். ஆனால் உன் கை அந்த நிக்கலை விட்டு எழவில்லை. "சாணியப் பூசிக்கலாம் மச்சான்" என்றாய். "கரியத் தடவிக்கலாம். மழைக்கு முன்னாடி போய்ட்டு மழைக்கு முன்னாடி வந்தரலாம்." கெடாவில் பிறந்த என்னிடம் மழையைக் கணக்குப் பண்ணச் சொல்கிறாய். நானும் விடவில்லை. "மாப்ள, இது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆவும். பட்டறைக்கு ஆவாது" என்றேன். "கருவாட்டு வண்டியில போறதுக்கு நடந்தே போலாம்" என்றாய். நாம் இரண்டு பேரும் தவுக்கே கடையில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். அவன் அணைந்த சுருட்டை மென்றுகொண்டு கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தான்.

அஞ்சலைதான் சண்டையை நிறுத்தினாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முதலில் சீமை ஃபோர்க்கைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையில் வந்தது. அடுத்து கருவாட்டு ஃபோர்க்கைத் தூக்கினாள். இரண்டு கை வேண்டியிருந்தது. "அண்ணே, தவுக்கேகிட்ட ஒண்ணு கேளு. ரெண்டு பேரு ஏறிப் போனா எது தாங்கும்? தெனைக்கும், அந்தப் பள்ளத்துல, ரெண்டு பேரு." நான் கேட்டேன். தவுக்கே யோசிக்கக்கூட இல்லை, துரு ஏறியதைக் காலால் தொட்டுக் காட்டினான். பிறகு சீமைச் சாமானைப் பார்த்து ஒரு விரலை மட்டும் நீட்டினான். ஒரு ஆள்.

நீ அந்த ஒற்றை விரலைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நிக்கல் ஃபோர்க்கை எடுத்துக் கோணிச் சாக்கை நீயே போர்த்திவிட்டு, கருவாட்டுச் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டாய். ஒரு ஆள் மட்டும் போகிற சைக்கிளில் போவது யார் என்று நமக்குள் ஒரு கேள்வி வந்திருக்கலாம். சைக்கிள் உன்னுடையது, பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி, நான் தனிக்கட்டை. நீ கேட்டிருந்தால் ஊரே உன் பக்கம்தான் பேசியிருக்கும். அந்தக் கேள்வியை நீ கடையை விட்டு வெளியே வரவே விடவில்லை. அன்றைக்கு இதற்காக நான் உனக்கு நன்றி சொல்லவில்லை, நமக்குள் அந்தப் பழக்கம் இல்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

தவுக்கே தகரத்தை வெட்டி இடுக்கில் செருகி ஃபோர்க்கைப் பொருத்திக் கொடுத்தான். சின்னச் சக்கரம் ஆனதால் வண்டி குனிந்து நின்றது. வளைவில் திரும்பும்போது மிதி தரையைத் தட்டும், அந்தப் பக்கக் காலை மேலே தூக்கிக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினான். டயருக்கு மட்டும் கையை விரித்தான். இந்த அளவுக்கு ஊரிலேயே டயர் இல்லை.

"ரப்பர் காட்டுல பொறந்தவனுக்கு டயரு இல்லையா?" என்றாய் நீ. போன உயிர் திரும்பி வந்த மாதிரி உன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்து என்னை மரத்துக்கு விரட்டினாய். வெயில் ஏறின பிறகு வெட்டினால் பால் வராது என்பது உனக்கும் தெரியும். ஆனால் அந்த மரங்கள் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் நின்றவை. கீறியதும் கொடுத்தன. வாளியில் கொண்டுவந்தேன். உறைய வைக்க ஆசிட் வேண்டும், ஸ்டோரில் ஆசிட் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நீ சுற்றிலும் பார்த்தாய். முனியண்ணன் வீட்டுப் பின்னால் புளித்துப்போன கள் ஒரு பானை இருந்தது. தோட்டத்துக்காரன் கள்ளை வயிற்றில் ஊற்றுவான், தலைவலிக்கு ஊற்றுவான், கோவில் கிடாய்க்குக்கூட ஊற்றுவான். டயருக்கு ஊற்றியவன் நீ ஒருவன்தான். முனியண்ணன் பானையைக் கொடுத்துவிட்டு, வீங்கின காலை நீட்டி உட்கார்ந்து, "மாப்ள, சைக்கிளு வெறில ஓடும் பாரு" என்று சிரித்தார். அவர் பெண்டாட்டி பாக்கியம் அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு லயமே நம் வாசலில் நின்றது.

பால் உறைந்தது. அதில் உன் தம்பட்டம் பொய்யில்லை. பலகையில் போட்டு, பாட்டிலால் உருட்டி, நீள நீளமாக வெட்டி, சக்கரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இறுகச் சுற்றி, இடையிடையே கம்பி வைத்துக் கட்டினாய். முறைப்படி என்றால் நன்றாகக் கழுவ வேண்டும், நாள்கணக்கில் புகையில் போட வேண்டும். நமக்கு விடிந்தால் வேலை. கழுவாமலே கொண்டுபோய் அஞ்சலையின் அடுப்புக்கு மேல் தொங்கவிட்டாய். அன்றைக்குக் கிழங்கு ரப்பர் வாசனையில் வெந்தது. அவள், "ஒங்க மாப்ளைய இந்தச் சக்கரத்தோடவே தொங்கவிடுண்ணே" என்று என்னிடம் சொன்னாள். நீ சக்கரத்தை மோந்து பார்த்து, "கொஞ்சம் வாடை வருது, காத்துல போயிரும்" என்றாய்.

போகவில்லை. விடியக்காலையில் சைக்கிள் வாசலில் நின்றபோது தெருநாய் ஒன்று பக்கத்தில் வந்து, முகர்ந்து, தும்மிவிட்டுப் போனது. ஆனால் ஏறி மிதித்தாயே, அதைச் சொல்ல வேண்டும். கயிற்றில் போன நமக்கு அது மெத்தை. கம்பிக் கட்டு தரையில் படும்போது மட்டும் டொப் டொப் என்று ஒரு தாளம். பள்ளத்தில் இறங்கினோம், ஃபோர்க் அசையவில்லை. கல்லில் ஏறினோம், சக்கரம் முனகக்கூட இல்லை. "மச்சான், எருமை எங்கடா? இப்ப வரச் சொல்லு" என்று நீ இருட்டைப் பார்த்துக் கத்தினாய். நான் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கேரியரிலிருந்து விழப் பார்த்தேன்.

பாலத்தில் சிரிப்பு நின்றது. காவல்காரன் அன்றைக்குச் சைக்கிள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். நமக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருக்கும், துடைத்து வைத்த நல்ல சைக்கிளோடு நின்றார். காவல்காரன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தான், புன்னகை செய்தான், சைக்கிளை ஓரத்தில் சாத்திவிட்டான். அந்த மனிதர் கையில் காற்றடிக்கிற பம்ப் மட்டும் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். அந்த நிக்கல் ஃபோர்க்கை நினைத்துப் பார்த்தேன். நீயும் நினைத்திருப்பாய், உன் கழுத்து வேர்த்திருந்தது.

அடுத்தது நாம். இறங்கி, இடுப்பு வளைந்து கும்பிட்டோம். காவல்காரன் நம் வயதுதான் இருப்பான். ஒரு அடி முன்னால் வந்தான். நின்றான். மூக்கு சுருங்கியது. "குசாய்!" என்று கத்திக்கொண்டு பின்னால் போனான். மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி வந்து, உன் முகத்துக்கு நேராக வந்து, வாயைத் திற என்று கையைக் காட்டினான். கள் வாடையை வைத்து நீ குடித்திருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டான். இங்கே பிடித்து வைத்தால் பட்டறைக்கு நேரமாகும், நேரமானால் துணி போகும்.

நீ வாயைத் திறந்தாய். ஊதினாய். முந்தின நாள் வெந்த ரப்பர் கிழங்கின் வாடை அவன் முகத்தில் அடித்திருக்கும். அவன் குழம்பிப்போனான். அப்போதுதான் நீ குனிந்து, இரண்டு கையாலும் டயரைக் காட்டி, பிறகு மரத்தில் பால் வெட்டுவதுபோல் செய்து, பானையிலிருந்து ஊற்றுவதுபோல் செய்து, அடுப்புக்குமேல் தொங்கவிடுவதுபோல் செய்து, கடைசியில் அஞ்சலை கையை ஓங்கி வருவதையும் நடித்துக் காட்டினாய். தோட்டத்துக் கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவன்கூட அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. அவன் துப்பாக்கியைத் தோளில் சரித்துக்கொண்டு, குனிந்து, டயரை முகர்ந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. அப்புறம் சிரித்தான், மாப்பிள்ளை. எவன் ஊரோ, எவன் பெற்ற பிள்ளையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே பின் சக்கரத்தில் ஒரு உதை விட்டு, போ போ என்று விரட்டினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நீ மிதித்த மிதியில் வளைவில் காலைத் தூக்க மறந்து, மிதி தரையில் தட்டி நெருப்புப் பொறி பறந்தது. பட்டறையில் வேலை மணியாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிக்க மேஸ்திரி சுத்தியலை ஓங்கியபோது நாம் வாசலில் நுழைந்தோம். அவன் உன் நெஞ்சைப் பார்த்தான், துணி இருந்தது. மூச்சை இழுத்தான், முகம் மாறியது. அன்றிலிருந்து நம் சைக்கிளைப் பட்டறையின் கடைசி மூலையில், மரத்தூள் குவியலுக்கு அப்பால்தான் நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டான். அதற்குப் பிறகு நாம் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. பாலத்துக் காவல்காரன் தூரத்தில் டொப் டொப் சத்தம் கேட்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டிவிடுவான். கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

லாரி நம் தோட்டத்துக்கும் வந்தது. துணி இல்லாதவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். முனியண்ணன் காலைக் காட்டினார், ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் அக்கா அந்தக் கள்ளுப் பானையைக் கழுவி, வாசலில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தால் கேட்பார் என்றாள். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. சைக்கிளை அவள் கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்தினாய். ஜப்பான்காரன் போனான், யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒருவர் இருவராக நடந்து வந்தார்கள். முனியண்ணனை எங்கே விட்டோம், எந்த மாதம் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அக்கா எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தாள்.

நீ நிக்கல் ஃபோர்க்கோடு புதுச் சைக்கிள் வாங்கினாய். அதைத் துடைத்தே தேய்த்தாய். அஞ்சலை மூத்தவனைப் பெற்றாள், அவனுக்குப் பின்னால் இன்னும் சில பேரைப் பெற்றாள். நானும் கல்யாணம் செய்துகொண்டேன். பேரன் பேத்தி என்று நம் வீடுகள் நிறைந்தன. எருமை எங்கே படுத்திருந்தது என்று ஐம்பது வருஷத்துக்குமேல் சண்டை போட்டோம். நல்ல வாழ்க்கை, மாப்பிள்ளை. குறை சொன்னால் வாய் வெந்துபோகும்.

போன வருஷம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியான நேரம். அஞ்சலை கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றாய். அவள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நீ என் கையைப் பிடித்தாய். அவள் உப்போடு வருவதற்குள் போய்விட்டாய். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. அவளுக்கு இன்னும் தன்மேலேயே கோபம், ஒரு கல் உப்பைக் கூடப் போட்டிருக்கலாமே என்று.

முனியண்ணனுக்கு அவர் மகன் லாரி வந்த நாளில்தான் வருஷா வருஷம் இலை போட்டுப் படைக்கிறான். வீட்டை விட்டுப் போன நாளையே செத்த நாளாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது அவர்களுக்கு. அக்கா இருந்தவரைக்கும் நீ தவறாமல் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாய். இப்போது நான் போகிறேன்.

உனக்கு அடுத்த மாதம் முதல் திதி. எந்த நாள், எந்த நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாம் நமக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அஞ்சலை சமைக்கிறாள். உப்பைக் கொஞ்சம் கூடவே போடச் சொல்லியிருக்கிறேன்.